லிஃப்டில் யாரும் அமுக்காத பட்டன்

அன்று லிஃப்டுக்குள் என் மகள் என்னை நிமிர்ந்து பார்த்து "ஒத்து" என்றாளே, அது "அமுக்கு" என்றா, "தள்ளி நில்" என்றா? இரண்டு மாதமாக யோசிக்கிறேன். குழம்புக்குத் தாளிக்கும்போது ஒரு பதில் வருகிறது. கறிவேப்பிலை போடுவதற்குள் அது தப்பு என்று தோன்றிவிடுகிறது.

நான் பிறந்தது கம்பைநல்லூர்ப் பக்கம். அங்கே "ஒத்து" என்றால் ஒதுங்கு. சந்தையில் தலையில் மூட்டையோடு வருகிறவர் "ஒத்து, ஒத்து" என்றால் வழி விட வேண்டும். பஸ்ஸில் மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் சீட்டுக்கு நாலாவதாக ஒரு அம்மா வந்தால் "கொஞ்சம் ஒத்தி உக்காருங்க" என்பார். நான் வாழ்க்கைப்பட்டது மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில், வீட்டுக்குள் கன்னடம் பேசுகிற குடும்பத்தில். அங்கே "ஒத்து" என்றால் அழுத்து. பட்டனை ஒத்து, பிசைந்த மாவை ஒத்து, கால் வலிக்கிறது, ஒத்து.

இந்த வித்தியாசத்தை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கல்யாணமான இரண்டாவது வாரம் என்னை மோட்டார் ரூமில் நிற்க வைத்துவிட்டு அத்தை தக்காளித் தோட்டத்தின் அந்தக் கடைசிக்குப் போனார். அங்கே பைப்பை மாட்டிவிட்டுக் கையைத் தூக்கி "ஒத்து" என்று கத்தினார். நான் ஒரு அடி ஒதுங்கினேன். "ஒத்தம்மா" என்றார். இன்னும் இரண்டு அடி. "ஒத்துன்னா" என்றார். பைப்பில் ஏதோ ஆபத்து, வெடிக்கப் போகிறது, மருமகளைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்று நினைத்து, ரூமை விட்டு வெளியே வந்து, அவரையே பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்து, வாய்க்காலில் உட்கார்ந்தேன்.

நான் இயற்பியல் படித்தவள். ஸ்டார்ட்டர் பெட்டியில் பச்சைப் பட்டனை அமுக்கினால் உள்ளே கம்பிச் சுருள் காந்தமாகி இழுக்கும், விரலை எடுத்த பிறகும் அது பிடித்துக்கொண்டே இருக்கும், சிவப்பை அமுக்கினால்தான் விடும் என்று படம் வரைந்து பாகம் குறித்து மதிப்பெண் வாங்கியவள். அதெல்லாம் வாய்க்கால் தண்ணீரில் உதவவில்லை.

அத்தை அதை அந்த வாரம் முழுக்க எல்லோரிடமும் சொன்னார். "பட்டன ஒத்துன்னேன். இவ பொறந்த வூட்டுக்கே நடக்க ஆரம்பிச்சுட்டா."

எங்கள் மகள் பிறந்த பிறகு இந்தச் சொல் வீட்டில் இரண்டு திசையிலும் ஓடியது. நான் காலையிலிருந்து "ஒத்து பாப்பா, அடுப்பு", "ஒத்து பாப்பா, கொதிக்குது" என்று அவளைத் தள்ளி நிறுத்திக்கொண்டிருப்பேன். அத்தை அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் சுவிட்ச் போர்டுக்கு நேராக நிறுத்தி "ஒத்து கூசு" என்பார். கூசு என்றால் கன்னடத்தில் குழந்தை. அவள் விரலை வைப்பாள், லைட் எரியும், அத்தை கை தட்டுவார், அணைப்பாள், மறுபடி கை தட்டுவார். ஒரு பல்பை இத்தனை தடவை பாராட்டிய வீடு வேறு இருக்காது.

அவளுக்கு நடை வந்ததும் எல்லாம் பட்டன் ஆனது. காலிங் பெல், மிக்சி, ரிமோட், டார்ச், அவள் அப்பாவின் பேனா. சட்டையில் இருக்கும் பிரஸ் பட்டனை டக், டக் என்று பிரித்துப் பிரித்துப் போட்டு, சாப்பிட வந்த விருந்தாளியின் குழந்தையைப் பாதி கழற்றிவிட்டாள். வாஷிங் மெஷினில் அவள் அமுக்கிய ஏதோ ஒரு பட்டனால் அது இன்றுவரை துவைத்து முடித்ததும் ஒரு பாட்டுப் பாடுகிறது. நிறுத்தத் தெரியவில்லை. கையேட்டை மூன்று தடவை படித்தேன். பாட்டைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அத்தை அந்தப் பாட்டு வந்தால் கூடவே முனகுகிறார்.

பட்டன் இல்லாததையும் விடமாட்டாள். என் மூக்கை அமுக்குவாள், நான் "பீம்" என்று சத்தம் போட வேண்டும். அத்தையின் தொப்புளை அமுக்கினால் அத்தை "மோட்டார் ஓடுது" என்று வயிற்றை ஆட்டுவார். அவள் அப்பாவின் நெற்றியை அமுக்கினால் அவர் தூங்கிவிட வேண்டும். அது ஒன்றுதான் பழுதில்லாமல் வேலை செய்தது.

ஆனால் பேச்சு வரவில்லை. இரண்டு வயது தாண்டியது, இரண்டரை ஆனது, இரண்டே முக்காலும் ஆனது. வேண்டியதை விரலால் காட்டுவாள், "ம்" என்பாள். நாங்கள் ஓடிப் போய் எடுத்துக் கொடுப்போம். அந்த விரல் ஒரு பட்டன் போலவும், நாங்கள் அதற்குள் இருக்கிற மோட்டார் போலவும் வீடு நடந்துகொண்டிருந்தது.

பக்கத்துத் தெருவில் இருக்கிற மழலையர் பள்ளியில் ஜூனில் சேர்க்கலாம் என்று பிப்ரவரியிலேயே விசாரிக்கப் போனேன். அங்கிருந்த டீச்சர் நல்ல மாதிரி. "மூணு வயசு ஆவட்டுங்க, தாராளமா சேத்துக்கறோம். அவளுக்கு என்ன வேணும்னு ஒன்னாவது வாயால சொல்லணும். இருவது புள்ளைங்க இருக்குது, எல்லார் விரலையும் நான் பாத்துக்கிட்டு இருக்க முடியாதுங்க" என்றார். நியாயம்தான். அது நியாயமாக இருந்ததுதான் எனக்குக் கஷ்டம்.

அன்று சாயங்காலமே செல்போனில் தேட ஆரம்பித்தேன். ஒரு இடத்தில் கவலைப்படாதே என்றிருந்தது. இன்னொரு இடத்தில் உடனே கவலைப்படு என்றிருந்தது. நான் கவலையை மட்டும் இரண்டிலிருந்தும் எடுத்துக்கொண்டேன். வீட்டில் இரண்டு மொழி இருப்பதால் குழம்பிப் போயிருக்கிறாளோ என்று தோன்றியது. அதை அத்தையிடம் எப்படிச் சொல்வது? "நீங்கள் பேசாதீர்கள்" என்றா? அப்புறம், பட்டன்தான் காரணமோ என்று தோன்றியது. விரலாலேயே எல்லாம் நடந்தால் நாக்கு எதற்கு?

அந்த யோசனை பிடித்ததும் வேலையில் இறங்கினேன். வீட்டில் அவள் கைக்கு எட்டுகிற எல்லா சுவிட்சிலும் செலோ டேப் ஒட்டினேன். எட்டாதவற்றிலும் ஒட்டினேன், நாற்காலி இழுக்கிறாள். மறுநாள் காலை அத்தை மிக்சி முன்னால் நின்று, "இது யாரு வேல? தேங்காச் சட்னிய நான் கையிலயே அரைக்கட்டுமா?" என்றார். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் கணவர் டேப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு ஓரத்தைப் பிய்த்து ஃபேன் போட்டுக்கொண்டார்.

அவர் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இரும்புத் தகடு அழுத்துகிற பிரஸ் மிஷினில் வேலை செய்கிறார். பட்டனைப் பற்றி எங்கள் வீட்டில் அதிகம் தெரிந்தவர் அவர்தான். அவர் மிஷினில் இரண்டு பச்சைப் பட்டன் உண்டு, ஒன்று இடது ஓரம், ஒன்று வலது ஓரம். இரண்டையும் ஒரே நேரத்தில் இரண்டு கையால் அமுக்கினால்தான் மேலே இருப்பது கீழே இறங்கும்.

"எதுக்கு ரெண்டு? ஒன்னு போதாதா?" என்று கல்யாணமான புதிதில் கேட்டிருக்கிறேன்.

"ஒன்னு இருந்தா இன்னொரு கை சும்மா இருக்கும். சும்மா இருக்கற கை உள்ள போவும். ரெண்டு கையும் பட்டன்ல இருந்தா ரெண்டும் வூட்டுக்கு வரும்" என்றார்.

நடுவில் காளான் குடை மாதிரித் தலையோடு ஒரு சிவப்பும் இருக்கும். அதை யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் குத்தலாம். ஒரிசாக்காரர், பீகார்க்காரர், இவர் என்று எல்லோரும் வேலை செய்கிற இடம். சிவப்புக் காளானுக்கு பாஷை வேண்டாம் என்பார். டேப் ஒட்டிய வாரம் இந்தக் காளான் எனக்கு அடிக்கடி ஞாபகம் வந்தது. என் மகளுக்கும் இப்படி ஒன்று சட்டையில் வைத்துத் தைத்துப் பள்ளிக்கு அனுப்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எந்தக் கலர் நூல் என்பதுவரை போய்விட்டேன்.

கடைசியில் காதைப் பரிசோதித்துவிடலாம் என்று தருமபுரி டவுனுக்குக் கூட்டிப்போனோம். நான், அத்தை, மகள். மூன்றாவது மாடியில் அந்த அறை. பெரியவர்களுக்கு ஹெட்ஃபோன் மாட்டி, சத்தம் கேட்டால் அமுக்கச் சொல்லி கையில் ஒரு பட்டன் கொடுக்கிறார்கள். குழந்தைகளுக்கு மரக்கட்டை. சத்தம் கேட்டால் ஒரு கட்டையை எடுத்துக் கூடையில் போட வேண்டும். என் மகள் மேஜைமேல் இருந்த பெரியவர்களின் பட்டனைப் பார்த்துவிட்டாள். கட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பரிசோதிக்கிற பெண் சிரித்துக்கொண்டே அதைக் கையில் கொடுத்தார். சத்தம் வந்தால் அமுக்கினாள். சத்தம் வராவிட்டாலும் அமுக்கினாள். அரை மணி நேரம் போராடி, பட்டனை என் முந்தானைக்குள் ஒளித்து வைத்து, கட்டைக்கு மாற்றினோம். காது நன்றாகவே கேட்கிறது என்றார்.

நான் எழுதி எடுத்துப் போயிருந்த கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். இரண்டு மொழியால் பாதகம் இல்லை, பாட்டி அவர் மொழியிலேயே பேசட்டும் என்றார். அத்தை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பட்டன் பற்றிய கேள்விக்கு அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவ கேக்கறதுக்கு முன்னாடியே குடுத்துடாதீங்க. அவ முகத்தப் பாத்து, மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. அவளுக்கு இடம் விடுங்க. அப்புறமும் சொல்லலேன்னா நீங்களே பேரச் சொல்லிக் குடுத்துடுங்க" என்றார்.

இடம் விடுங்க. நான் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன். பத்து எண்ணுவது வேகமாகவா மெதுவாகவா என்று கேட்க மறந்துவிட்டேன். திரும்பிப் போய்க் கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டே லிஃப்டுக்குள் ஏறினேன்.

கதவு மூடியது. உள்ளே பட்டன்கள் வரிசையாக, ஒவ்வொன்றைச் சுற்றியும் நீல விளக்கு. என் மகள் மூச்சை இழுத்த சத்தம் கேட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று. சட்டென்று முன்னால் போய் முதுகால் பட்டன்களை மறைத்துக்கொண்டு நின்றேன்.

அவள் விரலைக் காட்டினாள். "ம்" என்றாள்.

நான் அவள் முகத்தைப் பார்த்து எண்ண ஆரம்பித்தேன். ஒன்று. இரண்டு.

"என்னம்மா, ஒத்தலையா?" என்றார் அத்தை.

"எண்ணறேன் அத்தே."

"எண்ணி முடிச்சா தானா எறங்குமா?"

பத்து வந்தது. அவள் சொல்லவில்லை. மெதுவாக எண்ணியிருக்க வேண்டும் என்று தோன்றி மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன். லிஃப்ட் அசையாமல் நின்றது. யாரும் எதையும் அமுக்காவிட்டால் லிஃப்ட் என்பது ஒரு சின்ன அறை. மூன்று பெண்கள் அதில் நின்றுகொண்டிருந்தோம்.

இரண்டாவது சுற்றில் ஏழு எண்ணும்போது அது தானாகவே இறங்கியது. முதல் மாடியில் கதவு திறந்தது. ஒரு பெரியவர், கையில் எக்ஸ்ரே கவரோடு. பின்னால் ஃப்ளாஸ்க்கோடு ஒரு பெண்.

"கீழயாங்க?" என்றார் பெரியவர்.

"இன்னும் தெரியலைங்க" என்றேன்.

அவர்கள் ஏறினார்கள். கதவு மூடியது. ஃப்ளாஸ்க் பெண் என்னைத் தாண்டிக் கையை நீட்டினார். நான் பதறிப்போய், "அக்கா, ஒரு நிமிசம் அமுக்காதீங்க. பாப்பா பேசறதுக்காக நிக்கிறோம்" என்றேன்.

அவர் கையை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு நாலு பேரும் சத்தம் இல்லாமல் என் மகளையே பார்த்தோம். பெரியவர் குனிந்தும் பார்த்தார். அவள் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு என் இடுப்பைப் பார்த்தாள். என் இடுப்புக்குப் பின்னால்தான் பட்டன்.

லிஃப்ட் மேலே போக ஆரம்பித்தது. மேலே யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள்.

"நான் கீழ போவணும்ங்க" என்றார் பெரியவர்.

"கொஞ்சம் பொறுங்கண்ணா, கொழந்த பேசட்டும்" என்றார் ஃப்ளாஸ்க் பெண். இரண்டு நிமிடத்தில் அவர் எங்கள் கட்சிக்கு வந்துவிட்டிருந்தார்.

"எனக்கும் பேரன் இருக்கறான், பேசறான். பேச ஆரம்பிச்சா நிறுத்தறதுக்கு ஒரு பட்டனும் இல்ல" என்றார் பெரியவர்.

மூன்றாவது மாடியில் கதவு திறந்தது. கூப்பிட்டவர் படியில் இறங்கிப் போய்விட்டார் போல, யாரும் இல்லை. மறுபடி மூடியது. நான் எத்தனையில் விட்டேன் என்று மறந்து, எட்டு என்று வைத்துக்கொண்டேன். ஒன்பது.

அப்போது என் மகள் நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்தாள். உதட்டைக் குவித்தாள்.

"ஒத்து" என்றாள்.

தெளிவாக, ஒரு பிசிறும் இல்லாமல், பஸ்ஸில் சீட்டுக் கேட்கிற பெரிய மனுஷி மாதிரி.

நான் ஒதுங்கிவிட்டேன். யோசிக்கவில்லை, கால் தானாக நகர்ந்தது. என் ஊர்க் காலாயிற்றே. அத்தை அதே நொடியில், "ஒத்துன்றா, ஒத்துன்றா, நோடு, பாரு" என்று என்னைத் தட்டினார். "பட்டன ஒத்துன்னு கேக்கறா." அதற்குள் என் மகள் முன்னால் வந்து, இரண்டு உள்ளங்கையையும் விரித்து, எட்டுகிற எல்லாப் பட்டனையும் ஒரே நேரத்தில் அமுக்கினாள். அதில் அபாய மணியும் ஒன்று.

மணி அடித்தது, சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம். பெரியவர் எக்ஸ்ரே கவரால் காதை மூடிக்கொண்டார். ஃப்ளாஸ்க் பெண் கை தட்டினார். ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்து திறந்து மூடியது. வெளியே நின்றவர்கள், உள்ளே ஐந்து பேர் இப்படிச் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து ஏறாமல் நின்றுவிட்டார்கள். நான் சிரித்தேனா அழுதேனா என்று சொல்லத் தெரியவில்லை. அத்தை முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். பார்த்தீர்களா, பேச்சில் சொன்னால் அங்கேயும் அந்தச் சொல்தான்.

கீழே காவலாளி ஓடி வந்தார். "யாருங்க உள்ள மாட்டிக்கிட்டது?"

"யாரும் இல்லைங்க. எங்க கூசு பேசிடுச்சு" என்றார் அத்தை.

அவர் ஒரு கணம் விழித்துவிட்டு, "சந்தோசம்ங்க. ஒத்துங்க, ஸ்ட்ரெச்சர் வருது" என்றார். நான்தான் முதலில் ஒதுங்கினேன். அத்தை இன்னொரு பட்டன் எங்கே என்று தேடினாரோ என்னவோ, ஒரு நொடி பிந்தித்தான் நகர்ந்தார்.

பாலக்கோடு வரும்வரை பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் வழக்காடிக்கொண்டே வந்தோம்.

"கன்னடம்தான். நான் சொல்லிக் குடுத்தது. தெனமும் சுவிட்சுகிட்ட நிறுத்திச் சொல்றனே."

"அத்தே, நான் பட்டன மறைச்சிக்கிட்டு நின்னேன். என்னய ஒதுங்கத்தான சொன்னா? அதான் நான் ஒதுங்குனதும் கோவமே படல."

"நீ ஒதுங்குனதாலதான் அவளே ஒத்த வேண்டியதாப் போச்சு. பாவம், சின்னக் கை."

அத்தை சொல்வதும் சரியாகத்தான் பட்டது. ஆனால் எங்கள் மகள் இதுவரை எந்தப் பட்டனையும் இன்னொருவரை அமுக்க விட்டதில்லையே. அப்படியிருக்க என்னை ஏன் அமுக்கச் சொல்ல வேண்டும்? அப்படியானால் ஒதுங்கு என்றுதான். ஆனால் பட்டனைக் கண்டால் அவளுக்கு ஞாபகம் வருகிற சொல் அத்தையுடையதுதானே. அப்படியானால் அமுக்கு என்றுதான். நடுவில் உட்கார்ந்திருந்தவளிடமே கேட்டேன். என் மூக்கை அமுக்கினாள். பஸ்ஸில் அத்தனை பேர் முன்னால் "பீம்" என்று சொல்ல வேண்டியதாயிற்று.

என் கணவரிடம் சொன்னபோது அவர் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டார். பிறகு, "ரெண்டு பட்டன ஒரே நேரத்துல அமுக்கிட்டா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அன்று மாலை முழுக்க வீட்டில் இருக்கிற டேப்பையெல்லாம் அவரே உட்கார்ந்து பிய்த்தார்.

அதிலிருந்து அவளுக்கு எல்லாம் ஒத்துதான். லைட்டுக்கு ஒத்து, கதவு அடைத்திருந்தால் ஒத்து, தூக்கச் சொல்ல ஒத்து, இறக்கி விடச் சொல்லவும் ஒத்து. ஒவ்வொன்றையும் வேறு வேறு ராகத்தில் சொல்கிறாள். எனக்கு எல்லாம் புரிகிறது. முக்கியமான ஒன்று: எங்கள் வீட்டில் பாத்ரூம் லைட்டின் சுவிட்ச் வெளியே, கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவளுக்கு அவசரம் வந்தால் அதன் கீழே போய் நின்று, இரண்டு காலையும் சேர்த்துக்கொண்டு, "ஒத்து" என்கிறாள். ஒரு தடவைகூடத் தவறியதில்லை. டீச்சர் கேட்டது இதைத்தானே, வேண்டியதை வாயால் சொல்ல வேண்டும் என்று. எனக்குத் தலை கால் புரியவில்லை.

போன வாரம் அவளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். டீச்சரின் மேஜைமேல் தட்டினால் அடிக்கிற ஒரு சின்ன மணி இருந்தது. எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

"பாப்பா இப்ப எந்த பாஷைங்க பேசறா?" என்றார் டீச்சர்.

"ஒரு வார்த்த பேசறாங்க."

"அது எந்த பாஷைங்க?"

"அதுதாங்க தெரியல."

அவர் சிரித்துக்கொண்டிருக்கும்போதே என் மகள் மேஜை ஓரம் போய் மணியைப் பார்த்து, டீச்சரைப் பார்த்து, "ஒத்து" என்றாள். டீச்சர் அரூர்ப் பக்கம். நாற்காலியோடு ஒரு அடி நகர்ந்துகொண்டு, "அட, மரியாதையா வழி கேக்கறாளே" என்றார். மணி அடித்தது. பிறகு நாங்கள் கிளம்பும்வரை அடித்துக்கொண்டே இருந்தது. "சேத்துக்கலாங்க, நல்லாத்தான் பேசறா" என்று அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே சொல்லிப் படிவத்தைக் கொடுத்தார்.

வாசல்வரை எனக்குக் கால் தரையில் படவில்லை. வாசலில் அந்தப் பள்ளியின் பாத்ரூமைப் பார்த்தேன். சுவிட்சே இல்லை. பகலில் வெளிச்சம் வருகிறது, எதற்கு சுவிட்ச்? அப்போதுதான் எனக்கு முழுக் காட்சியும் தெரிந்தது. அவளுக்கு அவசரம் வரும். காலைச் சேர்த்துக்கொண்டு டீச்சரிடம் போய் "ஒத்து" என்பாள். டீச்சர் மரியாதையாக ஒதுங்கிக்கொள்வார். அவள் மறுபடி "ஒத்து" என்பாள். அவர் இன்னும் ஒரு அடி நகர்வார். வாய்க்காலில் உட்கார்ந்தவளுக்குத் தெரியும், இது எங்கே போய் முடியும் என்று.

அதனால் திங்கட்கிழமை ஒரு முடிவுக்கு வந்தேன். சொற்களைப் பிரித்துவிட வேண்டும். பட்டனுக்கு "அமுக்கு", வழிக்கு "தள்ளு", பாத்ரூமுக்கு "பாத்ரூம்". காலையில் அவளை எதிரே உட்கார வைத்து, சுவிட்சைக் காட்டி, "ஒத்து இல்ல தங்கம், அமுக்கு. சொல்லு, அ-முக்-கு" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

பத்து எண்ணினேன். நூறுவரை எண்ணினேன். மத்தியானம்வரை ஒரு சொல் இல்லை. பழையபடி விரல், பழையபடி "ம்". அத்தை தக்காளி பறிக்கப் போயிருந்தார். வீட்டில் நான் மட்டும். இருந்த ஒரு சொல்லையும் நானே சிவப்புப் பட்டனை அமுக்கி நிறுத்திவிட்டேனோ என்று பயந்தேன். மதியச் சாப்பாட்டைப் பிசைந்து வைத்துவிட்டு நான் சாப்பிடவும் மறந்து, அவளுக்கு ஊட்டவும் மறந்து, உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் மாடித் தொட்டி நிறைந்து தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. ஓடிப் போய் வீட்டு மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டி முன்னால் நின்றேன். பின்னாலேயே குடுகுடுவென்று அவளும் வந்தாள். அவளுக்கு அந்தச் சிவப்பு என்றால் உயிர். என் புடவையைப் பிடித்து இழுத்தாள். நான் அசையாமல் நின்றேன். எண்ணவில்லை, எண்ண வரவில்லை. மாடியிலிருந்து தண்ணீர் ஜன்னல் வழியாக உள்ளேயே தெறித்தது.

"ஒத்து" என்றாள்.

எப்படி உங்களுக்குச் சொல்வேன். நான் இந்தத் தடவை ஒதுங்கினேன், அவளைத் தூக்கினேன், அவள் கை ஈரமாக இருக்குமோ என்று முந்தானையால் துடைத்தேன், அவள் விரலின் மேல் என் விரலை வைத்து அமுக்கினேன். அவள் கேட்டது எதுவாக இருந்தாலும் ஒன்றும் விட்டுப் போகக் கூடாது. மோட்டார் நின்றது. தண்ணீர் மட்டும் நிற்காமல் கொஞ்ச நேரம் கொட்டியது. இரண்டு பேரும் நனைந்துகொண்டே சிரித்தோம். அவள் மறுபடி, "ஒத்து, ஒத்து, ஒத்து" என்றாள். ஒன்றுக்கும் இல்லை, சும்மா.

இப்போது படிவம் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெயர், பிறந்த தேதி, ரத்த வகை எல்லாம் எழுதிவிட்டேன். "தாய்மொழி" என்கிற இடம் மட்டும் காலி. தாய் நான்தானே என்று பேனாவை எடுப்பேன். அத்தை அந்தப் பக்கமாகப் போவார். வைத்துவிடுவேன். ஒத்து என்று எழுதினால் என்ன ஆகும் என்று ஒரு தடவை பென்சிலால் எழுதிப் பார்த்து அழித்தேன். அழித்த தடம் தெரிகிறது. வேறு படிவம் கேட்கலாமா என்பது தனிக் கவலை.

இதை வாசிக்கிறவர்களில் குழந்தை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். இரண்டு மொழி வீட்டில் வளர்ந்தவர்களும், பள்ளியில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர்களும் இருக்கலாம். ஜூனுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. பள்ளிக்காக அவளுக்கு "பாத்ரூம்" என்று இன்னொரு சொல்லைப் பக்கத்திலேயே மெதுவாக வைத்துப் பார்க்கலாமா, அல்லது அதையும் திருத்தம் என்று எடுத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்வாளா? அவளை விட்டுவிட்டு, டீச்சருக்கு நானே போய்ச் சொல்லிக் கொடுக்கட்டுமா, இவள் ஒத்து என்றால் ஒதுங்காதீர்கள், காலைப் பாருங்கள் என்று? அந்த வயதில் உங்களைக் காப்பாற்றியது எது, உங்களுக்கு வந்த புதுச் சொல்லா, உங்கள் சொல்லைப் புரிந்துகொண்ட யாராவது ஒருவரா? தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதை நோட்டில் எழுதிக்கொள்கிறேன்.